மச்சான் ஊற்றிய விஸ்கி

விஸ்கியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் என் தங்கையின் வீட்டு விறாந்தையில் இருந்து படித்தது. அந்தப் படிப்புக்கு ஒரு மனிதர் செலவாகிப் போனார். அவர் தங்கையின் கணவர். இதை எழுத எனக்கு விருப்பமில்லை. எழுதாமல் வைத்திருந்தும் பார்த்துவிட்டேன். அது தன் பாட்டுக்கு உள்ளே கிடந்து அரிக்கிறது.

நாங்கள் வடகரைப் பட்டினம் ஒன்றில் கடலோடிக் குடும்பம். எங்கள் ஆட்கள் முன்பு சொந்தப் பாய்க்கப்பலில் போனார்கள், பிறகு பிறத்தியானின் இரும்புக் கப்பலில் சம்பளத்துக்குப் போனார்கள். எனக்குக் கடல் ஒத்துவரவில்லை. வள்ளத்தில் ஏறினாலே வாந்தி. ஆகவே படித்து, அச்சுவேலிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பிக்கப் போனேன். பள்ளிக்கூடத்துக்கு அருகிலேயே ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தேன். அறுபதுகளின் நடுவில் எங்கள் வீட்டைத் தங்கைக்குச் சீதனமாக எழுதி, அவளை ஒரு கப்பல்காரருக்குக் கட்டிக்கொடுத்தேன். தாய் தகப்பன் அப்போது இல்லை. நான்தான் பார்த்தேன், நான்தான் பேசினேன். எனக்கென்று ஒரு பெண்ணைப் பிறகு பார்க்க வயதும் கடந்துவிட்டது, ஆட்களும் இல்லை.

மச்சானுக்குக் கப்பலில் வேலை, அதிகாரிகள் சாப்பிடும் அறையில் பரிமாறுவது. மேசை விரிப்பதும் இறைச்சி வெட்டி வைப்பதும் குடிவகை ஊற்றுவதும் அவர் பொறுப்பு. நெடிய, மெலிந்த மனிதர். கேட்டதற்குப் பதில் சொல்வார், கேட்காததற்குச் சிரிப்பார். என்னைவிட ஆறு வயது குறைவு. என்னை 'அத்தான்' என்றுதான் கூப்பிடுவார்.

கப்பலால் வருகிற மாப்பிள்ளை, பெண்ணின் மூத்த சகோதரனுக்கு வெளிநாட்டுப் போத்தல் ஒன்று கொண்டுவந்து கொடுப்பது எங்கள் குடும்பங்களில் ஒரு முறை. வாங்குகிறவனுக்கும் ஒரு முறை உண்டு. அதைக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு தன் இடத்துக்கு நடையைக் கட்டக்கூடாது. கொண்டுவந்தவரின் முன்னால் திறக்கவேண்டும். அவருக்கு முதல் ஊற்றி, அவர் வாய் வைத்த பிறகுதான் தான் குடிக்கவேண்டும். இல்லாவிட்டால் போத்தலுக்குத்தான் உறவு என்று ஊர் சொல்லும். ஊர் வாயை மூட எங்களிடம் இப்படிப் பல முறைகள் இருந்தன.

கலியாணத்துக்குப் பிறகு அவர் வந்த முதல் லீவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அந்த முதல் போத்தலைத் திறந்தோம். ஸ்கொட்லாந்துச் சரக்கு. அதுவரை எனக்குத் தெரிந்தது தவறணையில் விற்கும் பனஞ்சாராயம் மட்டுமே. அது தொண்டையில் இறங்கும்போது யாரோ உள்ளே விறாண்டுவது மாதிரி இருக்கும். அதுதான் குடியின் குணம் என்று நம்பியிருந்தேன். இது வேறு. வாய்க்குள் வைத்திருக்கலாம். வைத்திருந்தால் முதலில் ஒன்று தெரியும், பிறகு இன்னொன்று, விழுங்கிய பிறகு மூன்றாவதாக ஒன்று. நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

"என்ன மாதிரி அத்தான்?" என்றார்.

"மச்சான், உமக்கு என்ன தெரியுது? நீர் சொல்லும். நீர்தானே இதுக்குள்ளை சீவிக்கிறனீர்."

அவர் கிளாசைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். "எங்கடை கப்டன் சொல்லுறவர், இது நாலைஞ்சு சாதியைக் கலந்து செய்யிறதாம். தனியச் செய்யிறது இதைவிடத் திறமாம்."

எனக்கு அது போதும். இரசாயனம் படிப்பிக்கிறவனுக்கு 'கலவை', 'தனி' என்ற இரண்டு சொற்களைக் காட்டினால் அவன் சும்மா இருப்பானா? அடுத்த கிழமையே ஒரு கொப்பி வாங்கினேன். எங்கள் பட்டினத்துக் கிணற்றுத் தண்ணீர் உவர், அது விஸ்கியைக் கெடுத்துவிடும் என்று கண்டுபிடித்து, அச்சுவேலிக் கிணற்றில் அள்ளிய நல்ல தண்ணீரைப் பழைய சாராயப் போத்தலில் நிரப்பி ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்ஸில் கொண்டுபோனேன். ஒருநாள் கொண்டக்டர் மூடியைத் திறந்து மணந்து பார்த்துவிட்டு என்னை ஏமாற்றுக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தான். அவ்வளவு பைத்தியம் எனக்கு.

மச்சான் ஒவ்வொரு லீவுக்கும் வேறு வேறு சாதி கொண்டுவந்தார். நான்தான் எழுதிக் கேட்பேன். அமெரிக்காக்காரனுடையது சோளத்தில் வடிப்பது, உள்பக்கம் கருக்கிய புதுப் பீப்பாவில் கிடப்பது. வாயில் வைத்தால் அடிப்பிடித்த பனங்கட்டிப் பாகு. அதற்குச் சிவப்பு மையால் நூற்றுக்கு முப்பத்தெட்டு போட்டு, பக்கத்தில் 'கவனம் போதாது' என்று எழுதினேன். கனடாக்காரனுடையது நல்ல பிள்ளை; குழப்படி இல்லை, கெட்டித்தனமும் இல்லை. ஐம்பது. முதலில் குடித்த ஸ்கொட்லாந்துக் கலவைக்கு அறுபத்திரண்டு. ஒரு போத்தலை இரண்டு மாத லீவு முழுவதற்கும் இழுப்போம். மருந்து அளக்கிற அவுன்ஸ் கிளாசில் அளந்து, முதலில் வெறுமனே, பிறகு ஐந்து துளி தண்ணீர் விட்டு, பிறகு சமபங்கு தண்ணீர் விட்டு. ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் நாக்கைக் கழுவ உப்பில்லாத சோறு ஒரு பிடி. அடுப்படியில் இருந்து தங்கை எட்டிப் பார்த்துச் சிரிப்பாள்.

எழுபதுகள் வந்தன. இறக்குமதிக்கெல்லாம் பூட்டு. பாணுக்கு விடியமுன் பேக்கரி வாசலில் வரிசையில் நின்றோம். பள்ளிக்கூட வாத்திமார் பலர் தோட்டத்தில் மிளகாய் வைத்தார்கள். அந்த நாளில் ஓர் அரைக் கிளாஸ் ஸ்கொட்ச் குடிக்க யாழ்ப்பாணத்தில் பெரிய டொக்டர், கோட்டில் வாதாடுகிற பெரிய அப்புக்காத்து என்று சிலருக்குத்தான் வாய்த்தது. எனக்கும் வாய்த்தது. அந்தப் பெருமை என் தலைக்குள் ஏறிவிட்டது என்பதை மறைக்காமல் சொல்லிவிடவேண்டும். மச்சான் லீவில் இல்லாத மாதங்களில் தங்கை வீட்டுக்கு நான் போனது குறைவு. தீபாவளி, வருசப்பிறப்பு, தாய் தகப்பனின் திவசம். மற்றப்படி, அவருடைய கடிதம் வந்தால் மட்டும் நாட்காட்டியைப் பார்ப்பேன்.

அப்படி ஒரு கடிதம் வந்து, மச்சான் வந்தபோது ஆளை அடையாளம் தெரியவில்லை. ஏதோ ஒரு துறைமுகத்தில் செங்கமாரி பிடித்து, ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கிடந்து, கப்பல் வேலைக்கு இனி உதவாது என்று எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கண்ணில் இன்னும் மஞ்சள் இருந்தது. யாழ்ப்பாணத்து டொக்டர் வயிற்றை அமத்திப் பார்த்துவிட்டுத் தங்கையிடம் சொன்னது இவ்வளவுதான்: "ஈரல் பழுதாப் போச்சு. உப்பைக் குறையுங்கோ. குடி ஒரு சொட்டும் நஞ்சு. கவனமாய் இருந்தால் ஆள் இன்னும் கனகாலம் இருப்பார்."

கவனமாய் இருந்தால். எங்கள் கையில் அவ்வளவு இருந்தது.

அவருடைய பெட்டிக்குள் மூன்று போத்தல்கள் இருந்தன. ஒன்று ஜப்பான்காரன் செய்தது. ஒன்று அயர்லாந்து. மூன்றாவது ஸ்கொட்லாந்துக்கு மேற்கே ஒரு தீவில் வடிப்பது, கலவையில்லாத தனிச்சரக்கு. இவர் இறங்கும்போது கப்டன் தன் அலுமாரியால் எடுத்துக் கொடுத்ததாம். அந்த நிலையிலும் இவர் அதை உடுப்புக்குள் சுற்றி, எனக்கென்று கொண்டுவந்திருந்தார்.

முதல் ஞாயிறு போனேன், நோய் பார்க்கத்தான் போனேன். இரண்டு பேரும் விறாந்தையில் இருந்தோம். என்ன கதைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. பத்து வருடமாக எங்களுக்கு நடுவில் ஒரு போத்தல் இருந்தது. அது இல்லாமல் அவருடைய முகத்தை எங்கே பார்ப்பது என்றுகூட விளங்கவில்லை. கீழ்க்காய்நெல்லி குடிக்கிறீரோ என்றேன். ஓம் என்றார். மழை பெய்யும் போல கிடக்கு என்றேன். ஓம் என்றார். பிறகு அவர் எழும்பிப் போய் ஜப்பான் போத்தலையும் இரண்டு கிளாசையும் கொண்டுவந்து வைத்தார். நான் வேண்டாம் என்று சொன்னேன். எத்தனை தரம் சொன்னேன்? ஒரு தரம்.

அடுத்த கிழமை தங்கை என்னைப் படலையடியில் மறித்தாள்.

"அண்ணை, டொக்டர் சொன்னது உங்களுக்குத் தெரியுந்தானே. நீங்கள் சொன்னால் அவர் கேப்பார். இதை நிப்பாட்டுங்கோ."

"நான் மட்டும் குடிச்சால் முறையில்லைப் பிள்ளை. அவர் வாய் வைக்கவேணும்."

"அப்ப நீங்களும் குடியாதேங்கோ."

நேரான கணக்கு. ஒரு நாலாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். ஆனால் உள்ளே அயர்லாந்துப் போத்தல் உடைக்காமல் இருந்தது, அந்தத் தீவுப் போத்தல் உடைக்காமல் இருந்தது. என் படித்த மூளை உடனே வேலை செய்தது. விஸ்கியைச் சோதிக்கிறவர்கள் விழுங்குவதில்லை, வாயில் வைத்துக் கொப்புளித்துத் துப்பிவிடுவார்கள், நாக்குக்குத்தான் வேலை, ஈரலுக்கு ஒன்றும் போகாது என்று அவளுக்கு விளக்கினேன். வகுப்பில் விளக்குகிற அதே குரலில். வெற்றிலை துப்ப வைத்திருந்த பித்தளைப் படிக்கத்தைப் புளி போட்டு மினுக்கி எடுத்து விறாந்தையில் வைத்தேன். அவளும் என்னை நம்பினாள். நான் படித்தவன் அல்லவா!

அன்றைக்கு அயர்லாந்துச் சரக்கைத் திறந்தோம். மூன்று தரம் வடிப்பார்களாம். மிருதுவாக, எண்ணெய் தடவின மாதிரி இறங்கும். நான் கொப்புளித்துத் துப்பினேன். நிமிர்ந்தபோது மச்சானின் தொண்டை மேலே போய்க் கீழே இறங்கியதைக் கண்டேன். பிறகு அவர் குனிந்து படிக்கத்துக்குள் வெறும் எச்சிலைத் துப்பினார். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார்.

நான் கொப்பியைத் திறந்து எழுபது என்று எழுதினேன்.

அதற்குப் பிறகு எத்தனை ஞாயிறுகள். என்னைத் திட்டுகிறவர்களுக்கு என் தரப்பில் சொல்ல ஒன்றிரண்டு இருக்கின்றன. ஓர் அவுன்ஸ், இரண்டு அவுன்ஸ், இதென்ன செய்யும் என்று நினைத்தேன். ஆளும் கொஞ்சம் தேறின மாதிரி இருந்தது. இரண்டு வாய் உள்ளே போனால் அவர் கதைக்கத் தொடங்குவார். கப்பலைப் பற்றி, பனிக்கட்டி மிதக்கும் கடலைப் பற்றி, கப்டனின் பூனையைப் பற்றி. பத்து வருடத்தில் கதைக்காததெல்லாம் கதைத்தார். நல்லதுதானே செய்கிறோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டேனே தவிர, அந்தக் கதைகளில் பாதியை நான் காதில் வாங்கவில்லை. ஜப்பான்காரன் ஸ்கொட்லாந்துக்காரனைப் பார்த்துப் படித்தவன், மாணவன் குருவை எவ்வளவு நெருங்கியிருக்கிறான் என்று என் நாக்கு ஆராய்ந்துகொண்டிருந்தது.

தங்கை ஒருநாள் கேட்டாள். "அண்ணை, அவர் துப்புறாரோ?"

"ஓம், துப்புறார்."

அந்த ஒரு பொய்யைச் சொல்ல எனக்கு மூச்சு விடும் நேரம்கூடத் தேவைப்படவில்லை.

தீவுப் போத்தலைக் கடைசியாகத்தான் திறந்தோம். அதைப் பற்றி நான் எழுதாமல் விடலாம். ஆனால் அந்த நாளில் என் மனம் எங்கே இருந்தது என்று தெரியவேண்டும் என்றால் எழுதத்தான் வேண்டும். அவர்கள் சதுப்பு நிலத்தில் வெட்டியெடுத்துக் காயவைத்த மண்கட்டியை எரித்து, அந்தப் புகையில் முளைவிட்ட பார்லியை உலர்த்துவார்களாம். மூடியைத் திறந்ததும் அச்சுவேலியில் புகையிலை போடுகிற குடிலின் வாசலில் நிற்கிற மாதிரி இருந்தது. அந்தப் புகைக்குப் பின்னால் கடல் உப்பு, டிஞ்சர் மணம், கடைசியில் எங்கிருந்தோ ஓர் இனிப்பு. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எண்பத்தெட்டு போட்டேன். நான் வாழ்நாளில் எந்த மாணவனுக்கும் இரசாயனத்தில் எண்பத்தெட்டு போட்டதில்லை.

"மச்சான், எப்பிடி?"

அவர் விழுங்கிவிட்டு முகத்தைச் சுழிக்காமல் இருக்கப் பாடுபட்டார். "கப்டன் சொல்லுறவர் அத்தான், இதைக் குடிச்சவன் மற்றதைத் தொடமாட்டானாம்."

அவருடைய கால்கள் அன்றைக்கே வீங்கியிருந்தன. சாரத்துக்குக் கீழே கணுக்கால் தெரிந்தது. அமத்தினால் குழி விழும் வீக்கம். நான் அதைக் கண்டேன். மற்றக் கிழமையும் கண்டேன். அதற்கடுத்த கிழமை வயிறும் வீங்கி, ஆள் எழும்பமாட்டாமல் கிடந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இரத்தமாகச் சத்தி எடுத்தார். மூன்றாம் நாள் பின்னேரம் முடிந்துவிட்டது. டொக்டர் என்னைப் பார்த்து, "குடிச்சவரோ?" என்றார். பக்கத்தில் தங்கை நின்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஈரல் முன்பே போய்விட்டது, குடிக்காவிட்டாலும் இரண்டொரு வருடம்தான் என்று பிறகு ஒரு டொக்டர் எனக்குச் சொன்னார். சில நாட்களில் அதைப் பிடித்துக்கொண்டு நித்திரை கொள்வேன். இரண்டொரு வருடம் என்றால் எத்தனை ஞாயிற்றுக்கிழமை என்று எண்ணத் தொடங்கினால் அந்த நித்திரையும் போய்விடும்.

எட்டாம் நாள் படையல். செத்தவர் உயிரோடு இருக்கும்போது எதையெதை விரும்பிச் சாப்பிட்டாரோ அதையெல்லாம் சமைத்து, தலைவாழை இலையில் போட்டு வைக்கவேண்டும். குடிக்கிறவர் என்றால் குடியும், சுருட்டுப் பிடிக்கிறவர் என்றால் சுருட்டும். தங்கை விடியத் தொடங்கி அடுப்படியில் நின்றாள். திருக்கை வறை வைத்தாள், இறால் பொரித்தாள், ஒடியல் பிட்டு அவித்தாள். மச்சானுக்குப் பெரியப்பா முறையான கிழவர் ஒருவர் இலைக்கு முன்னால் இருந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். எவரோ தவறணைச் சாராயம் ஒரு கிளாஸ் கொண்டுவந்து வைக்க, அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"கப்பல்காரன்ரை எட்டுக்கு உந்தச் சாராயத்தையோ வைக்கிறது? வீட்டிலை வெளிநாட்டுச் சாமான் கிடக்கெல்லோ. அதிலை அவனுக்கு எது கூட விருப்பமோ அதை ஊத்தி வையுங்கோ." பிறகு என் பக்கம் திரும்பினார். "வாத்தியார், உமக்குத்தானே தெரியும். நீர்தானே அவனோடை இருந்து குடிச்சனீர்."

நான் அலுமாரியைத் திறந்தேன். மூன்று போத்தல்களும் நின்றன; மூன்றிலும் மிச்சம் இருந்தது. எது என்று எனக்குத் தெரியவில்லை. கொப்பியை மனதுக்குள் புரட்டினேன். அத்தனை பக்கங்களிலும் என்னுடைய நாக்கு, என்னுடைய மூக்கு, என்னுடைய சிவப்பு மை. அவர் சொன்னது என்று எழுதியிருந்ததெல்லாம் கப்டன் சொன்னது. அவருக்கு இனிப்புப் பிடிக்குமா, புகை பிடிக்குமா? பத்து வருடம் முன்னால் இருந்து குடித்த மனிதரைப் பற்றி அதுகூட நான் கேட்டு வைக்கவில்லை.

அடுப்படிக்குப் போனேன். தங்கை இறாலைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, அவருக்கு எந்த விஸ்கி கூடப் பிடிக்கும்?"

அவள் அகப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

"ஒண்டும் பிடிக்காது அண்ணை. அவர் கப்பலிலை ஒருநாளும் வாயிலை வைச்சதில்லை. ஊத்துற ஆள் குடிச்சால் வேலை போயிடுமாம். இஞ்சை வந்து, உங்களுக்கு முன்னாலை மட்டும்தான் குடிச்சவர். குடிச்ச அண்டைக்கெல்லாம் பின்னேரம் வயித்தைப் பிடிச்சுக்கொண்டு கிடப்பார்."

"அப்ப ஏன்..."

"அவர் வாய் வைக்காட்டில் நீங்கள் குடிக்கமாட்டியள். குடி இல்லையெண்டால் நீங்கள் வரமாட்டியள் எண்டு நினைச்சார். ஞாயிற்றுக்கிழமை கண் முழிச்சால் 'அத்தான் வருவாரோ' எண்டுதான் முதல் கேள்வி. வயசெல்லாம் கடலிலை போயிட்டுது. ஊரிலை அவரோடை இருந்து கதைக்க வேறை ஆர் இருந்தது?"

எண்ணெய் புகைந்தது. அவள் அடுப்பைத் தணித்தாள்.

"அவர் துப்பேல்லைப் பிள்ளை," என்றேன். "நான் உனக்குப் பொய் சொன்னனான்."

"தெரியும்."

"தெரிஞ்சால் என்னை ஏன் வரவேண்டாம் எண்டு சொல்லேல்லை?"

"நீங்கள் வராமல் விட்டால் அவர் இன்னும் கெதியாச் செத்திருப்பார். நான் குடிக்க வேண்டாமெண்டுதான் சொன்னனான் அண்ணை. சும்மா வந்து இருங்கோ எண்டு சொல்லவேணுமெண்டு எனக்குத் தெரியேல்லை. அது உங்களுக்குத் தெரியுமெண்டு நினைச்சன்."

படையலடியில் இருந்து கிழவர் கூப்பிட்டார். "வாத்தியார், என்ன, எது எண்டு கண்டுபிடிச்சாச்சோ? கற்பூரம் கொளுத்தவேணும்."

ஒன்றுமே வைக்கவேண்டாம், அவர் குடிக்கிறவர் இல்லை என்று போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அத்தனை பேரும், 'அப்ப ஏன் குடிச்சவன்?' என்று கேட்பார்கள். நான் அலுமாரிக்குப் போய் அந்தத் தீவுப் போத்தலை எடுத்தேன். கிளாஸ் நிறைய ஊற்றி, கொண்டுபோய் அவருடைய இலையில் வைத்தேன். கிழவர் குனிந்து மணந்து பார்த்தார். "நல்ல சாமான்தான். பெடியனுக்கு நல்ல வாய்," என்றார்.

"ஓம்," என்றேன், "இதுதான் அவருக்கு நல்ல விருப்பம்."

தங்கை இறாலைக் கொண்டுவந்து அந்தக் கிளாசுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கும்பிட்டாள்.